இறக்கி வைத்த சுமை

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் திருச்சி விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் தெரியும். முப்பது ஆண்டுகளாக அவற்றைப் பார்த்து வந்திருக்கிறோம். இரவுச் செபமாலை முடியும் வேளையில் ஏதேனும் ஒன்று விளக்குகளோடு தாழ்ந்து வரும். அதில் யார் வருகிறார்களோ, எந்த வீட்டில் யார் காத்திருக்கிறார்களோ என்று எண்ணியதுண்டு. நாங்களும் ஒரு நாள் அதில் ஏறுவோம் என்று எண்ணியதில்லை. ஆசிரியப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற இருவருக்குப் பேருந்தும் இரயிலும் போதுமானவையாக இருந்தன. வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் போய்வர விமானம் எதற்கு?

2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவ்விமானங்களுள் ஒன்றில் ஏறிச் சிங்கப்பூர் சென்றோம். அறுபது வயதைக் கடந்தபின் முதன்முறையாக வானில் பறப்போர் இன்று நம் பங்குகளில் பலர். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கிறார்கள். பேறுகாலம், திருமுழுக்கு, புதுமனை என்று அழைப்புகள் வருகின்றன. அவ்வாறு புறப்படுவோர்க்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதத் தொடங்கினோம். ஆயினும் எங்கள் பயணத்தில் பயணச்சீட்டில் அச்சிடப்படாத பகுதி ஒன்றுண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் இக்கட்டுரை பாதி உண்மையாகவே நின்றுவிடும்.

எங்கள் ஒரே மகளுக்கு 2018இல் திருமணம் நடந்தது. மருமகன் கத்தோலிக்கர், பீடச் சிறுவராக வளர்ந்தவர், நன்கு படித்தவர். நாங்கள் நற்கருணை வாங்கும் அதே பீடத்தின் முன் அவருடைய பெற்றோரும் ஞாயிறுதோறும் வந்து நற்கருணை வாங்கினார்கள். நாங்கள் கண்ட குறை ஒன்றே ஒன்றுதான்: அவர் பிறந்த தெரு. சாதி என்ற சொல்லை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நமக்கு ஒத்துவராது" என்று மட்டும் சொன்னோம். படித்தவர்களுக்கு அப்படிச் சொல்லத் தெரியும். திருமணத் திருப்பலிக்கு நாங்கள் போகவில்லை. ஆறு மாதம் கழித்து இருவரும் சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது, அரைமணி நேரத் தொலைவில் இருந்த விமான நிலையத்துக்கும் போகவில்லை. அன்று இரவு ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் மாடிக்குப் போக நினைத்து, படியில் சந்தித்துக்கொண்டோம். ஒன்றும் பேசாமல் மேலே ஏறி, அந்த விமானத்தின் சிவப்பு விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். தவறு எங்கள் இருவருக்கும் சொந்தமானது. ஆகவேதான் இக்கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

அதன்பின் கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் தொலைபேசி வரும். நலம் கேட்போம், மழை பெய்ததா என்று கேட்போம், வைத்துவிடுவோம். சென்ற ஆண்டு இறுதியில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சில நாளில், "குழந்தைக்குத் திருமுழுக்கு. நீங்கள் இருவரும் வரவேண்டும் அப்பா. டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறோம்" என்று செய்தி வந்தது. 'அனுப்பியிருக்கிறோம்' என்ற பன்மை எங்களைச் சுட்டது. நாங்கள் வாசலில் நிறுத்தி வைத்த ஒருவர் தம் உழைப்பின் ஊதியத்தில் எங்களுக்குச் சீட்டு எடுத்திருக்கிறார்.

பிள்ளைகள் பெற்றோரை வானில் ஏற்றுவது புதிதன்று. 1903 டிசம்பர் 17 அன்று 12 வினாடிகள் பறந்து வானூர்தி யுகத்தைத் தொடங்கிவைத்த ரைட் சகோதரர்களின் தந்தை மில்டன் ரைட், ஒரு சீர்திருத்தத் திருச்சபையின் ஆயர். 1910 மே 25 அன்று, 81 வயதான அத்தந்தையை இளைய மகன் ஆர்வில் தம் விமானத்தில் ஏற்றி ஏறத்தாழ ஏழு நிமிடம் பறந்தார். முதியவர் அஞ்சவில்லை; இன்னும் மேலே போகச் சொன்னாராம். எங்களுக்கோ சீட்டைக் கையில் வாங்கும்போதே நடுக்கம். விமானத்துக்கு அஞ்சியது பாதி. அது சென்று சேரும் இடத்துக்கு அஞ்சியது மறுபாதி.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை சில. கடவுச்சீட்டும் விசாவும் இன்றியமையாதவை என்பது எல்லாரும் அறிந்தது. சிங்கப்பூருக்குச் செல்வோர் வருகை அட்டையையும் கணினிவழியே, வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். பெட்டியின் எடையை வீட்டிலேயே நிறுத்துப் பார்ப்பது நல்லது. எவ்வளவு கொண்டுபோகலாம் என்பது சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும்; கைப்பைக்குப் பெரும்பாலும் ஏழு கிலோ. அன்றாடம் உண்ணும் மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும்; பெரிய பெட்டியில் வைக்கக்கூடாது.

நாங்கள் மூன்று முறை பெட்டியைக் கட்டி மூன்று முறை பிரித்தோம். முறுக்கு, அதிரசம், பருப்புப்பொடி, குழந்தைக்குப் பருத்தித் துணிகள் என்று அடுக்க அடுக்க எடை மிகுந்தது. ஒன்றை எடுத்தால் மற்றொன்று கண்ணில் உறுத்தியது. பையும் மிதியடியும் இன்றிச் சீடர்களை அனுப்பிய ஆண்டவர் எங்கள் கூடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

எல்லாவற்றுக்கும் மேலாக நாங்கள் கொண்டுபோக விரும்பியது அரை லிட்டர் தண்ணீர். வேளாங்கண்ணிக்குச் சென்று மாதா குளத்தில் இருந்து கொண்டுவந்த தண்ணீர். பேரனின் தலையில் அதை ஊற்ற வேண்டும் என்பது எங்கள் எண்ணம். பெட்டியில் வைத்தால் கசியும், உடையும் என்று அஞ்சிக் கைப்பையிலேயே, துண்டில் சுற்றி வைத்தோம். உள்ளத்தை ஆராய்ந்து பார்த்தால் அதில் வேறொரு கணக்கும் இருந்தது. மகளைக் கண்டதும் என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும். பேசவேண்டிய பேச்சை அது பேசிவிடும் என்று நம்பினோம்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்றுவிட வேண்டும். திருச்சியில் 2024இல் திறக்கப்பட்ட புதிய முனையத்தின் வாயிலிலேயே பாதுகாப்புப் படையினர் சீட்டையும் கடவுச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே சென்றதும் விமான நிறுவனத்தின் முகப்பில் பெரிய பெட்டிகளை ஒப்படைக்க வேண்டும். அங்கே இருக்கை எண் குறித்த போர்டிங் பாஸ் தருவார்கள். பெட்டி சுழல்பட்டையில் ஏறி ஒரு திரைக்குப் பின்னால் மறையும்போது மனம் திடுக்கிடும். அஞ்ச வேண்டாம், இறங்கும் ஊரில் அதே போன்ற பட்டையில் அது வந்து சேரும். அடுத்து, நாட்டை விட்டுப் போவதற்கான சோதனை. எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க என்று அதிகாரி கேட்டார். "மகளை, மருமகனை" என்றோம். 'மருமகன்' என்ற சொல்லை ஓர் அந்நியரிடம் நாங்கள் சொன்னது அதுவே முதன்முறை.

அதன்பின் பாதுகாப்புச் சோதனை. கைப்பேசி, கைக்கடிகாரம், இடைவார், நாணயங்கள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் இட்டுவிட்டு உலோகம் உணரும் வாயிலின் வழியே நடக்க வேண்டும். நாங்கள் நடந்துவிட்டோம், கைப்பை நடக்கவில்லை. அதைத் தனியே எடுத்து வைத்த இளைஞர், துண்டைப் பிரித்துப் புட்டியை வெளியே எடுத்தார். வெளிநாடு செல்லும் விமானத்தில் கைப்பையில் வைக்கும் திரவம் எதுவாயினும் ஒவ்வொரு கலமும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படக்கூடாது என்பது விதி. எங்களுடையது 500. "இது மாதா குளத்துத் தண்ணீர் தம்பி" என்றோம். "தெரிகிறது அம்மா. எங்கள் பாட்டியும் கொண்டுவருவார்கள். ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றார். பெரிய பெட்டி ஏற்கெனவே போய்விட்டது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு மடக்குப் பருகினோம். விரலை நனைத்து நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டோம். எஞ்சியதை அவர் காட்டிய தொட்டியில் இட்டுவிட்டு நடந்தோம். அவர்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. விதி எல்லாருக்கும் ஒன்று என்பதை ஆலயத்தில் கற்றிருக்க வேண்டிய நாங்கள், அங்கே கற்றோம்.

நள்ளிரவு கடந்து விமானத்தில் ஏறினோம். மூன்று இருக்கைகள் கொண்ட வரிசை. சன்னலோர இருக்கைக்கு உரியவர், சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் இளைஞர். விடுமுறை முடிந்து திரும்புகிறார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "முதல் தடவையா ஐயா? நீங்கள் இங்கே உட்காருங்கள்" என்று இடத்தை மாற்றிக்கொண்டார். இருக்கைப் பட்டையை மாட்டவும் கழற்றவும் கற்றுக்கொடுத்தார். அவரிடம் எங்கள் ஊர் வழக்கப்படி, "தம்பிக்கு எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க வாய் திறந்தது. அக்கேள்வியின் உட்பொருள் என்னவென்று எங்களுக்குத் தெரியும். கேட்கவில்லை. நான்கு மணி நேரம் அவர் தோளும் எங்கள் தோளும் உரசிக்கொண்டே இருந்தன.

பணிப்பெண்கள் நடுவழியில் நின்று பாதுகாப்பு முறைகளைச் செய்து காட்டுவார்கள். பழகியவர்கள் பார்ப்பதில்லை, முதன்முறை செல்வோர் பாருங்கள். பிராணவாயு முகமூடி கீழே இறங்கினால் முதலில் தாம் அணிந்துகொண்டு, பின்னரே பக்கத்தில் உள்ள குழந்தைக்கு அணிவிக்க வேண்டும் என்கிறார்கள். கேட்கும்போது தன்னலமாகத் தோன்றும். ஆயினும் மூச்சுத் திணறுகிறவர் பிறருக்கு மூச்சுக் கொடுக்க இயலாது அல்லவா? புறப்படும்போதும் இறங்கும்போதும் உள்விளக்குகளைத் தணிப்பார்கள். ஏதோ பழுது என்று கலங்க வேண்டாம். வெளியே உள்ள இருளுக்குக் கண் பழகட்டும் என்பதற்காகத்தான்.

ஓடுபாதையின் முனையில் விமானம் சற்று நின்றது. இயந்திரங்கள் உறுமின. முதுகு இருக்கையோடு அழுந்தியது. மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மூக்கு நிமிர்ந்தது. சக்கரங்களின் அதிர்வு சட்டென நின்றது. அந்த அமைதியில்தான் தரையை விட்டுவிட்டோம் என்று அறிந்தோம். காலடியில் ஒரு முழக்கம் கேட்டது. சக்கரங்களை உள்ளிழுக்கும் ஓசை அது. சிறிது நேரத்தில் இயந்திர இரைச்சலும் தணிந்தது. இயந்திரம் நின்றுவிட்டதென்று எண்ணி ஒருவர் கையை மற்றவர் இறுகப் பற்றிக்கொண்டோம். எழும்புவதற்கு வேண்டிய விசை எழும்பியபின் வேண்டியதில்லை; ஆகவே விமானி அதைக் குறைக்கிறார் என்பதைப் பின்னர் அறிந்தோம். முதன்முறை செல்வோர் பலரும் அஞ்சும் இடம் இது.

எழுபது டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தாங்குவது எது? காற்றுதான். சிறகு எதிர்வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. கீழே தள்ளப்படும் காற்று சிறகை மேலே தாங்குகிறது. கண்ணுக்குத் தெரியாததன் மேல்தான் அத்தனை பேரும் அமர்ந்திருக்கிறோம். எபிரேய மொழியில் காற்றுக்கும் ஆவிக்கும் 'ரூவா' என்ற ஒரே சொல் வழங்குவதை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அன்றுதான் அதன் பொருள் உடம்பில் பட்டது.

உயரே போகப் போகக் காது அடைக்கும். வெளியே 35,000 அடி உயரத்தில், பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது பாகை குளிர். உள்ளேயோ, ஏறத்தாழ கொடைக்கானல் மலைமேல் இருக்கும் அளவுக்குக் காற்றழுத்தத்தை வைத்திருக்கிறார்கள். கொடைக்கானல் பேருந்தில் காது அடைப்பது போன்றதே இதுவும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறந்துகொள்ளும். இறங்கும்போது அடைப்பு இன்னும் மிகும். கைக்குழந்தைகள் அப்போது அழுவதற்கு அதுவே காரணம். அவ்வேளையில் பால் கொடுத்தால் நல்லது.

வங்கக் கடலின் மேலே சென்றுகொண்டிருந்தோம். 1545இல் புனித சவேரியார் மயிலாப்பூரில் திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே சில மாதங்கள் தங்கிச் செபித்து, பின் மலாக்காவுக்குக் கப்பலேறிக் கடந்த கடல் இது. எங்கள் தாத்தாக்கள் காலத்தில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறியவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் இதன்மேல் மிதந்தார்கள். நமக்கு நான்கு மணி நேரம். எங்கள் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்கு இருந்த தொலைவு அவ்வளவுதான். அதைக் கடக்க எங்களுக்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

நடுவானில் விமானம் குலுங்கத் தொடங்கியது. பட்டையை அணியுமாறு விளக்கு எரிந்தது. கரடுமுரடான சாலையில் பேருந்து போவதைப் போல் ஒரு கால்மணி நேரம். சன்னல் வழியே பார்த்தால் சிறகின் நுனி மேலும் கீழும் அசைந்தது. அசையும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். வளையாத சிறகுதான் ஒடியும் என்று பக்கத்து இளைஞர் சொன்னார். இருக்கைப் பட்டை அணிந்திருந்தால் அக்குலுக்கலால் தீங்கு நேர்வது மிக அரிது. படகின் பின்புறத்தில் தலையணைமேல் தலைசாய்த்து உறங்கிய ஆண்டவரை நினைத்துக்கொண்டோம். லொரேட்டோ அன்னையிடம் வேண்டினோம். நாசரேத்து வீட்டை வானதூதர்கள் வான்வழியே சுமந்து வந்தனர் என்னும் மரபை ஒட்டி, 1920இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவ்வன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். செபமாலையின் மூன்றாம் மறையுண்மையில் குலுக்கல் நின்றது.

பிறகு உறக்கம் வரவில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் ஊதாரி மகனின் உவமையைக் கேட்கும்போது எங்களை அந்தத் தந்தையாகவே எண்ணி வந்தோம். மகள் வீட்டை விட்டுப் போனவள். நாங்கள் வாசலில் காத்திருப்பவர்கள் என்று. அந்த இருட்டில்தான் உவமை திரும்பி நின்றது. போனவர்கள் நாங்கள். உள்ளே விருந்து நடக்க, வெளியே நின்று முறைத்துக்கொண்டிருந்த மூத்த மகனும் நாங்களே. வழிமேல் விழிவைத்துச் சீட்டு அனுப்பியவர்கள் அவர்கள். திரும்பி வருகிறவன் தன் தந்தையிடம் சொல்ல ஒரு சொல்லை ஆயத்தம் செய்துகொண்டல்லவா வந்தான்? எங்களிடம் என்ன இருந்தது? இருந்த தண்ணீரும் திருச்சியில் போய்விட்டது.

கிழக்கு நோக்கிப் பறப்பதால் விடியல் விரைந்து வந்தது. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. மேகங்களின் மேலே முதலில் ஒரு செம்பொன் கீற்று. பிறகு கண்ணெட்டும் தூரம்வரை ஒளி. விடியலின் சிறகேறிக் கடலின் மறுகோடிக்குப் போனாலும் இறைவனின் கைக்குத் தப்ப முடியாது என்று பொருள்படப் பாடிய திருப்பாடல் ஆசிரியரை நினைத்துக்கொண்டோம். கைகளில் ஒன்றுமில்லாமல் அமர்ந்திருந்தோம்.

சக்கரங்கள் தரையைத் தொட்டபோது பெரும் அதிர்வு. பின் வேகம் குறைந்தது. விமானம் முழுவதுமாக நிற்கும்வரை எழுந்திருக்க வேண்டாம். நாங்கள் எழுந்து, பணிப்பெண்ணால் அமர்த்தப்பட்டோம். குடிநுழைவுச் சோதனையையும் பெட்டி வரும் பட்டையையும் அந்த இளைஞரே காட்டிவிட்டு விடைபெற்றார். அவருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை என்பது பின்னரே நினைவுக்கு வந்தது. கேட்கக் கூடாததைக் கேட்கத் துடித்தோம். கேட்க வேண்டியதை மறந்துவிட்டோம்.

கண்ணாடிக் கதவு திறந்தது. தடுப்புக்கு அப்பால் மகள் குழந்தையோடு நின்றாள். அருகில் மருமகன். கொடுப்பதற்குக் கையில் எதுவும் இல்லை. புட்டி இருந்திருந்தால் அதைக் கொடுத்துவிட்டுப் பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்போம். அது இல்லாமற்போனதால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியதாயிற்று. "மாப்பிள்ளை, எங்களை மன்னித்துவிடுங்கள்" என்றோம். யார் முதலில் சொன்னது என்பது எங்களுக்குள் இன்றும் தீராத வழக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டார். சிறிது தூரம் நடந்தபின், "காது அடைத்ததா மாமா? அத்தை, முதலில் கொஞ்சம் வெந்நீர் குடியுங்கள்" என்றார். மகள் அழுதுகொண்டிருந்தாள்.

ஓபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயம் 1888இல் சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுப்பப்பட்டது. அங்கே பேரனுக்குத் திருமுழுக்கு நடந்தது. குருவானவர் ஊற்றியது அந்நகரத்துக் குழாய்த் தண்ணீர். அதுவே போதும் என்பது திருச்சபையின் போதனை. எந்த ஊற்றில் இருந்து, எந்தத் தெருக் கிணற்றில் இருந்து என்று அருள் கேட்பதில்லை. சம்பந்தியரும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். ஒரே வரிசையில் அமர்ந்தோம். ஏழு ஆண்டுகள் ஒரே ஊரில் வாழ்ந்தும் அவர்களோடு ஒரே வரிசையில் அமர்வதற்கு, நாங்கள் கடல் கடந்து வர வேண்டியிருந்தது.

முதன்முறை பறக்கப்போகும் அன்பர்களே, திரவங்களைப் பெரிய பெட்டியில் வையுங்கள், மாத்திரைகளைக் கையில் வையுங்கள், காது அடைத்தால் விழுங்குங்கள், குலுங்கினால் செபியுங்கள். மகனையோ மகளையோ பார்க்கப் போகிறீர்கள் என்றால், அவர்களிடம் சொல்ல வேண்டிய சொல் ஏதேனும் உங்கள் நெஞ்சில் பல ஆண்டுகளாகக் கிடக்கலாம். அதற்கு எடை வரம்பு கிடையாது. எந்தச் சோதனையிலும் அதைப் பறிக்க மாட்டார்கள். அதை மட்டும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.